விஜயதசமி காலையில் எர்ரர் 22

போன வாரம் என் மடிக்கணினி அப்டேட் முடித்த கையோடு கண்ணைத் திறக்க மறுத்துவிட்டது. கறுப்புத் திரை, மூலையில் நாலைந்து வெள்ளை எழுத்து. பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, செத்துப் போச்சா?" என்றாள். எனக்கு என்னவோ அந்த நிமிடத்தில் அரைத்த சந்தனத்தின் வாசனைதான் அடித்தது. சிரிக்காதீர்கள். கறுப்புத் திரைக்கும் சந்தனத்துக்கும் என்னளவில் ஒரு சொந்தம் உண்டு.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் தங்கவேல் அண்ணன் நடத்திய டிடிபி சென்டரில் எனக்கு வேலை. கீழே புரோட்டாக் கடை. பதினோரு மணிக்கு மேல் சால்னா வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் அடித்த கல்யாணப் பத்திரிகைகளை இன்றைக்குப் பிரித்தாலும் மசாலா மணக்கலாம். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். பழையது எனக்கு. புதியது ஜெயராணி அக்காவுக்கு.

அக்கா எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா தக்காளி போடுகிறவர். கீபோர்டைப் பார்க்காமல் தமிழ் அடிப்பார் அக்கா, அடித்துக்கொண்டே என்னோடு சண்டையும் போடுவார். அந்தச் சமயம் ஒரு கல்லூரி வாத்தியாரின் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தார். நிலக்கோட்டைப் பூ விவசாயிகளைப் பற்றியது, இருநூறு பக்கத்துக்குக் கிட்ட வரும். வாத்தியாரின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படிக்க அக்காவை விட்டால் ஆளில்லை, சில இடங்களில் வாத்தியாரே அக்காவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். மூன்று வார உழைப்பு. படங்களோடு சேர்த்தால் பிளாப்பியில் அடங்காது, சிடி எழுதும் வசதி எங்களிடம் இல்லை. ஆகவே உலகத்திலேயே ஒரே பிரதி அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தது. விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள் மதுரைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். விட்டால் வாத்தியாருக்கு இன்னொரு வருடம் போச்சு.

எனக்கோ அப்போது லினக்ஸ் கிறுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கடையில் தனியாக இருந்தபோது அக்காவின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. விண்டோஸ் ஒரு குடித்தனம், லினக்ஸ் ஒரு குடித்தனம். சுவிட்சைப் போட்டால், எந்த வீட்டுக்குப் போகணும் என்று வாசலில் ஓர் ஆள் கேட்பான். ரெண்டு நொடியில் அவனே விண்டோஸுக்கு அனுப்பிவிடும்படி செய்து வைத்திருந்ததால் அக்கா அவனைக் கவனிக்கவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. "அப்பு, வேண்டாதது ஒரு துரும்புகூட இருக்கப்படாது. அம்புட்டையும் அள்ளி வெளிய போடு" என்றார் அண்ணன். காற்றாடியைத் துடைத்தோம். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் அரைக்கைப் பொரி விழுந்தது, போன வருடத்துப் பூஜையுடையது. எனக்குச் சுத்தம் செய்கிற வெறி தலைக்கேறிவிட்டது. ஒளித்து வைத்த லினக்ஸும் வேண்டாத சாமான்தானே? விண்டோஸுக்குள்ளிருந்தே அந்தப் பகுதியை அழித்தேன். மனசு வெள்ளையடித்த மாதிரி ஆனது. பிறகு மெஷினை அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால் அப்படியே பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து அண்ணன் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் 'எர்ரர் 22' என்று வந்து நின்றது. எனக்குத்தான் விஷயம் புரிந்தது. வாசலில் கேட்கிற ஆள் அங்கேயேதான் இருந்தான், ஆனால் வழி எழுதிய சீட்டை அவன் வைத்திருந்தது நான் இடித்துத் தள்ளிய லினக்ஸ் வீட்டுக்குள். விண்டோஸ் வீடு முழுசாக இருந்தும் அதற்குப் போக அவனுக்கு வழி தெரியவில்லை.

"சந்தனத்தைக் கொஞ்சம் கூடுதலாத் தடவிட்டேனோ? உள்ள எறங்கிருச்சோ?" என்று அண்ணன் கையைப் பிசைந்தார். நானும் ஒரு துணியை எடுத்து அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மெஷின் பழுது பார்க்கும் பாஸ்கர் வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து, மெஷினுக்குள் இருப்பதை ஒட்டுமொத்தமாக வழித்துத் துடைப்பது. "ஒண்ணுமில்லீங்க, பார்மேட் போட்டுட்டா சரியாப் போயிருமுங்க." பையிலிருந்து விண்டோஸ் சிடியை எடுத்துவிட்டார். "அப்ப என் மூணு வாரம்?" என்றார் அக்கா. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி பண்ண வழி இருக்கா?"

"பத்திரிகையில பின்னாடிப் பக்கம் போட்ருந்தான்க்கா. அது ஆத்தூர்ல வீட்ல இருக்கு."

"அப்ப ஏன்லே இங்க நிக்கிற?"

உள்ளே போனவர் பாஸ்கரின் கையிலிருந்து சிடியை வாங்கினார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, சிபியு மேல் டிபன் பாக்ஸை வைத்தார். "தம்பி வார வரைக்கும் யாரும் இதைத் தொடப்படாது. நீங்க போயிட்டு மத்தியானம் வாங்க."

அரைமணி பஸ் தூரத்திலுள்ள எங்கள் ஆத்தூருக்கு ஓடினால், அம்மா அந்தப் பத்திரிகையைப் பாடப்புத்தகம் என்று நினைத்துச் சரஸ்வதி முன்னால் அடுக்கி வைத்திருந்தார். "மறுபூசை முடியாம எடுக்கக் கூடாதுடா. செத்த நேரம் பொறு." தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, திருநீறு பூசிய பிறகுதான் கையில் கொடுத்தார்.

நான் திரும்பும்போது மணி ஒன்று. அக்கா சாப்பிடக்கூட இல்லை, டிபன் பாக்ஸ் அதே இடத்தில் இருந்தது. பார்மேட் போடுவதற்கு வைத்திருந்த அதே சிடிதான் மருந்தும். அதைப் போட்டு, நடுவில் ஆர் என்ற பொத்தானை அமுக்கி, ஒரு வரி அடிக்க வேண்டும். வாசலில் நிற்கிற ஆளை அனுப்பிவிட்டு விண்டோஸின் பழைய ஆளையே வைக்கிற உத்தரவு அது. அடித்தேன். மெஷினில் உள்ளதெல்லாம் கைக்கு எட்டாமல் போய்விடலாம், நிச்சயமா என்று திரை கேட்டது.

"என்னலே கேக்குது?"

"நிச்சயமான்னு கேக்குதுக்கா."

"நிச்சயமா?"

"புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்ருக்கு."

சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்தேன். அக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, ஆமாம் என்பதற்கான ஒய் எழுத்தைத் தானே அமுக்கினார்.

விண்டோஸ் வந்தது. அக்கா ஆய்வேட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்தார். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். அண்ணனிடம் நானே உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நின்றால், "அப்பாடா, சந்தனம் இல்லையா!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் இருந்தவரை, எதை அழிப்பதானாலும் நான் இடது பக்க நாற்காலியைப் பார்த்துக் கேட்பேன். "அக்கா, இத அழிச்சுரவா?" அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் எட்டிப் பார்த்து, "இருந்துட்டுப் போகட்டும்லே. அது என்ன, சோறா கேக்குது?" என்பார்.

கடை மூடிப் பல வருடம் ஆயிற்று. அந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா கல்யாணமாகிப் போன ஊர் தெரியும், விலாசம் தெரியாது. எனக்கு வீட்டிலேயே ஓர் அறையில் தனியாக வேலை. எதை அழிக்கப் போனாலும் மெஷின் மரியாதையாக, நிச்சயமா என்று கேட்கிறது. சில நாள் என்னையறியாமல் இடது பக்கம் திரும்பிவிடுகிறேன். அங்கே சுவர்தான் இருக்கிறது.