சூடானால் இறுகும் கேபிள்

நான் அந்தக் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, யார்டின் கோடியில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நின்றது. காட்டுப் பாதைகளில் விழுந்த மரங்களை அகற்றப் போகும் திறந்த வண்டி. நான் வருவதற்கு முன், மழை பெய்த ஒரு காலையில், அதை ஓட்டிய டிரைவர் சரிவில் வேகமாக இறங்கி மரத்தில் மோதி இறந்துபோனார். பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று முடிவாகியிருந்தது. விசாரிக்க வந்தவர்களுக்கு வண்டியில் எந்தக் குறையும் தெரியவில்லை.

"அத ரெடி பண்ணிடு லா," என்றார் சூப்பர்வைசர். "மத்தவங்க தொட மாட்டேங்கிறாங்க. நீ அவர பாத்ததில்ல, உனக்கு ஒண்ணும் தோணாது."

தோன்றியது. முன்பக்கம் நசுங்கிக் கிடந்தாலும் சீட் அவர் உயரத்துக்குத் தள்ளியபடியே இருந்தது. ஆக்சிலேட்டர் பெடலின் ரப்பர் அவர் பூட்ஸ் பட்ட இடத்தில் தேய்ந்திருந்தது. அதன்மேல் என் காலை வைக்கக் கூசியது.

சீட்டுக்கு அடியிலிருந்த எஞ்சினுக்குச் சேதமில்லை. வண்டியை ஜாக்கியில் உயர்த்தி ஸ்டார்ட் செய்தேன். பெடலை மிதித்தால் சத்தம் ஏறியது, விட்டால் இறங்கியது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனேன். திரும்பி வந்து மறுபடி மிதித்துக் காலை எடுத்தேன். சத்தம் இறங்கவில்லை. பெடலில் யாருடைய காலும் இல்லை. சக்கரங்கள் அந்தரத்தில் வெறியோடு சுழன்றன. சாவியைத் திருப்பி அணைத்தேன்.

ஆக்சிலேட்டர் கேபிளின் உறை சைலன்சர் குழாயில் உரசி, உள்ளே உருகியிருந்தது. ஆறியிருக்கும்போது கம்பி சுலபமாக ஓடும். சூடானால் உறை இளகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். விசாரிக்க வந்தவர்கள் ஆறிப்போன வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்கள். பிறகு பிரேக்கைக் கழற்றினேன். பிரேக் கட்டைகள் கருகித் தீய்ந்திருந்தன.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து கேபிள் உறையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எதையும் மாத்தாத. அவங்கள திரும்ப வரச் சொல்றேன்," என்றார். வந்தார்கள், எஞ்சினைச் சூடாக்கிப் பார்த்தார்கள், கோளாறு வண்டியில்தான் என்று முடிவை மாற்றினார்கள்.

விஷயம் தெரிந்ததும் இறந்த டிரைவரின் மனைவி என்னைப் பார்க்க விரும்பினார். தோ பாயோவில் இருந்த வீட்டிலிருந்து தேக்கா சந்தைக்கு வந்தார். சாப்பாட்டுக் கடையின் இரைச்சலுக்கு நடுவே எதிரே உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல் கேட்டார்.

"தம்பி, அவரு பிரேக்க புடிச்சாரா?"

"புடிச்சாரு, அக்கா. கடைசி வரைக்கும் விடல. கட்டை கருகிப்போச்சு."

"தூக்கத்துல ஓட்டியிருப்பாருன்னு அவர் அண்ணனே சொன்னாரு. நானும் ஒரு வருஷமா அப்படித்தான் நம்பினேன். அவர் படத்து முன்னால நின்னு திட்டியிருக்கேன், தம்பி."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வண்டி நிக்காதுன்னு," என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை விடவில்லை. இன்றைக்கும் எந்த வண்டியைச் சரிசெய்தாலும், எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து, மிதித்துக் காலை எடுக்கிறேன். சத்தம் இறங்குவதற்குள் வரும் அந்த ஒரு நொடியில், சரிவில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகும் ஒருவரின் முதுகு எனக்குத் தெரிகிறது.