முதல் வெள்ளிக்கு அப்பா வந்தார்

திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்திய ஆரம்பப் பள்ளியில்தான் அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அங்கே மாதத்தில் இரண்டு நாளை நினைத்தால் எனக்குப் பயம். ஒன்று முதல் வெள்ளி. இன்னொன்று மாதக் கடைசியில் வரும் பெற்றோர் கூட்டம்.

கூட்டத்துக்கு அம்மாதான் வருவாள். எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் பிடித்து வரவேண்டும். மற்ற அம்மாக்கள் ரேங்க் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் அம்மா போகமாட்டாள். எல்லாரும் போனபிறகு பெரிய சிஸ்டரோடு வேப்பமரத்தடியில் நின்று பேசுவாள். நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்பேன். பேச்சுக்கு நடுவில் பெரிய சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். போச்சு, கணக்கில் வாங்கிய மார்க்கைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பஸ்ஸில் கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்.

"ஒண்ணுமில்ல. உன்னைய நல்லாப் பாத்துக்கிறேன்னு சொன்னாங்க."

இதை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

முதல் வெள்ளி வேறு மாதிரி. அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வேதக்கோயிலில் பூசை நடக்கும். மாதத்துக்கு ஒரு வகுப்பின் முறை. முறை வந்த வகுப்புப் பிள்ளைகளின் வீட்டார் வந்து பூ வைக்கவேண்டும், பழம் கொண்டுபோய்ப் பீடத்தில் கொடுக்கவேண்டும், பூசை முடிந்ததும் பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்டல் கொடுக்கவேண்டும். வேதக்காரப் பிள்ளைகள், எங்களை மாதிரி இந்துப் பிள்ளைகள் என்று பார்ப்பதில்லை. எல்லார் வீட்டிலும் வரவேண்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நாங்கள் வேறு. பூசை முடிகிற நேரத்தில் சாமியார் வட்டமாய், வெள்ளையாய், காகிதம் போல மெல்லிய அப்பம் ஒன்று கொடுப்பார். அதை நன்மை என்பார்கள். ஞானஸ்நானம் வாங்கி, புது நன்மை என்று அதை முதல்தடவை வாங்கும் சடங்கையும் முடித்தவர்கள்தான் வரிசையில் போய் வாங்கலாம். நாங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவதைப் பார்ப்போம்.

என் பக்கத்தில் உட்காரும் அமலி எனக்கு அதைப்பற்றி எல்லாம் சொல்லியிருந்தாள்.

"பல்லுல படக் கூடாது. பட்டுச்சுன்னா ரத்தம் வரும். அது சாமி ஒடம்பு."

"நாங்க வாங்குனா?"

"நீங்க வாங்குனா நாக்கு கருகிப்போகும். பொழுதுக்குள்ள செத்துருவீங்க. எங்க உபதேசியாரு ஊருல ஒருத்தரு செத்தே போயிட்டாரு."

அமலி எனக்குப் பெரிய ஆள். புது நன்மை எடுத்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நாலாம் வகுப்பில் எங்கள் முறை வந்தபோது அம்மா படுத்திருந்தாள். என்னவென்று கேட்டால் சூடு என்றார்கள். மோர் குடித்தாள், இளநீர் குடித்தாள். சூடு தணியவில்லை. கட்டிலை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நானும் சூடு என்றுதான் நினைத்தேன். அதனால் அப்பா வந்தார்.

அப்பா தோட்டத்தில் சம்பங்கி போட்டிருந்தார். விடிவதற்குள் பறித்து, டிவிஎஸ்ஸில் மூட்டையைக் கட்டி, முன்னால் என்னை நிற்கவைத்துக் கூட்டிவந்தார். பூவைப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகாமல் நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்தது அன்றைக்குத்தான். செருப்பைப் பள்ளிக்கூட வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டார். உள்ளே மைதானம் முழுக்கச் சரளைக் கல். காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். அமலியின் அப்பா பார்த்துவிட்டார். அவருக்குப் பூச்சந்தையில் கடை. எங்கள் பூவை எடுப்பவர்.

"ஏப்பா சம்பங்கி, கோயிலு அங்கிட்டு இருக்கு. இங்கிட்டே செருப்பைப் போட்டுட்டியே."

"எங்க ஆரம்பிக்கிதுன்னு எனக்கென்னண்ணே தெரியும்?"

அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்பா நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தது. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார்கள். பூவை வாங்கிப் பீடத்தில் வைத்துவிட்டு, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பூசை நடந்தது. எங்கள் வகுப்பு இடது பக்கம். ஆண்கள் வலது பக்கம் கடைசியில். அப்பா எல்லாரும் எழுந்தால் எழுந்தார், முழங்கால் போட்டால் முழங்கால் போட்டார். ஒரு நொடி பிந்திச் செய்தாலும் தவறாமல் செய்தார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. வலது பக்கம் வரிசை எழுந்தது. அப்பாவும் எழுந்தார்.

அவருக்கு முன்னால் இருந்தவர் எழுந்தார், இவரும் எழுந்தார். அவ்வளவுதான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு வரிசையில் நடந்தார். நான் அமலியைப் பார்த்தேன். அவள் வரிசையில் போய்விட்டாள். டீச்சர் கண்ணை மூடியிருந்தார். கத்தலாம் என்று நினைத்தேன். பூசையில் கத்தக்கூடாது.

அன்றைக்குப் பூசை வைத்தவர் வெளியூர்ச் சாமியார். வயதானவர். எங்கள் பங்குச் சாமியாருக்கு ஆட்களைத் தெரியும், இவருக்குத் தெரியாது. மற்றவர்கள் நாக்கை நீட்டி வாங்கினார்கள். அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் திருநீறு வாங்குவது போல வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டினார். சாமியார் ஒரு கணம் நின்றார். பிறகு கையில் வைத்துவிட்டார். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினார். அப்புறம் தூண் மறைத்துவிட்டது.

தூணைத் தாண்டி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. வாய் மூடியிருந்தது.

சுண்டல் கொடுக்கும்போது அப்பா பக்கத்திலேயே நின்றேன். அவர் வலது கையால் கரண்டியைப் பிடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையை நெஞ்சை விட்டு எடுக்கவே இல்லை. சட்டைப் பைக்குமேல் பொத்தியபடி வைத்திருந்தார். வலி ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அமலியின் அப்பாவும் கவனித்தார்.

"என்ன சம்பங்கி, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? சிஸ்டரப் பாத்து அம்புட்டுப் பயமா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்பறம்? சுண்டலு திங்க வேண்டியதுதான?"

"வேணாம்ணே. வீட்டுக்குப் போயித்தான் எல்லாம்."

அவரால் சாப்பிடவும் முடியவில்லை. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நாக்க நீட்டுங்க."

"எதுக்கு புள்ள?"

"நீட்டுங்களேன்."

"கூத்துப் பண்ணாத. சிஸ்டரு பாக்குறாங்க."

நீட்டவில்லை. செத்த நேரத்தில் டிவிஎஸ்ஸைக் கிளப்பிப் போய்விட்டார். அப்போதும் ஒரு கை நெஞ்சில். ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் லாரிகள் போகும் ரோடு.

அமலியிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டும். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, பொழுது சாயும்வரை பொறுத்துப் பார் என்றாள். அவளுக்கும் பயம் வந்திருக்க வேண்டும், எலந்தவடையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மத்தியானம் பெரிய சிஸ்டர் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். காலையில் பூ கொண்டுவந்தவர் பிள்ளை யார் என்று டீச்சரிடம் கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன். வெளியே கூப்பிட்டார்கள்.

"அப்பா நன்மை வாங்குனாராமே. பாத்தவங்க சொல்றாங்க. வாயில போட்டாரா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் அதட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு வா, வீட்டுக்குப் போவோம் என்றார்கள்.

பள்ளிக்கூட வேனில் நாங்கள் இரண்டு பேரும் டிரைவரும்தான். சிஸ்டர் மடியில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் மூடிபோட்ட சின்ன டப்பா, பளபளவென்று. டப்பாவை எதற்கு எடுத்துவருகிறார்கள் என்று புரியவில்லை. டி.சி. கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் கூட்டம் நிற்குமே என்றுதான் பயம். ரெட்டியார்சத்திரம் தாண்டி எங்கள் ஊர்ப் பாதை திரும்பும் இடத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

கூட்டம் இல்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் திருநீற்றுத் தட்டு. தட்டில் வாழை இலைத் துண்டு. இலைமேல் அந்த வெள்ளை அப்பம், முழுசாக. அதன்மேல் கொஞ்சம் திருநீறு உதிர்ந்திருந்தது.

சிஸ்டர் அதைப் பார்த்த உடனே தரையில் முழங்கால் போட்டார்கள். எங்கள் வீட்டுத் தரை மண்ணும் சாணியும். வெள்ளை அங்கி முழுக்க மண் ஒட்டிக்கொண்டது. அப்பா பயந்து போனார்.

"தப்புப் பண்ணிட்டனா சிஸ்டரம்மா?"

"யாரும் சாப்பிடலையே ஐயா?"

"இல்லம்மா. புள்ள வரட்டும்னு வச்சிருக்கேன். கோயில்ல குடுக்கிறதை நாங்க அங்கயே திங்க மாட்டோம். வீட்டுக்குக் கொண்டாந்து ஆளுக்குக் கொஞ்சம் பிட்டுக் குடுப்போம். பெரிய துண்டு இவளுக்கு. மிச்சம் புள்ளைக்கி."

"இதை அப்படிக் குடுக்கக் கூடாதுங்க ஐயா. எங்க முறை வேற. நான் எடுத்துட்டுப் போகணும்."

அப்பா தலையாட்டினார். அவர் எந்தச் சாமியோடும் வாதாடுகிற ஆள் இல்லை. சிஸ்டர் அப்பத்தை இலையிலிருந்து எடுத்தார்கள். மேலே இருந்த திருநீற்றை ஊதித் தள்ளவில்லை. அப்படியே டப்பாவில் வைத்து மூடினார்கள்.

அம்மா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தலையில் கையை வைத்தார்கள். உதடு மட்டும் அசைந்தது. அம்மா ஏதோ சொன்னாள். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், வேப்பமரத்தடியில் பார்ப்பது போலவே. இப்போதும் என் மார்க்கைப் பேசுகிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

டி.சி. கொடுக்கவில்லை. அடுத்த மாதம் முதல் வெள்ளிப் பூசையில், மன்றாட்டு சொல்லும் நேரத்தில், பெரிய சிஸ்டரே மைக்கில் அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் குற்றத்தை ஊருக்கே சொல்லிவிட்டார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலை ஒரு தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். தை பிறப்பதற்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியது தான் நன்மை வாங்கிய வெள்ளிக்கு முந்தின வாரம் என்று அப்பா எனக்குக் கல்யாணம் ஆனபிறகுதான் சொன்னார். பெரிய சிஸ்டருக்கு அதற்கு முன்பிருந்தே எல்லாம் தெரியுமாம். அஞ்சாவது முடியும்வரை மாதக் கூட்டத்தில் என் ரேங்க் அட்டையில் கையெழுத்துப் போட்டது அவர்கள்தான்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். வேன் போனபிறகு அப்பாவுக்குக் காலையில் நான் கேட்டது ஞாபகம் வந்திருக்கிறது. வாழைநாரைக் கீழே போட்டுவிட்டு, என் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஆவென்று நாக்கை நீட்டினார்.

"இந்தா, பாத்துக்க. போதுமா?"

வெற்றிலைச் சிவப்பு தவிர வேறொன்றும் இல்லை. கருகவில்லை. நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். அப்பா பிழைத்துவிட்டார், யாரும் அதைத் தின்னவில்லை, இனி இந்த வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு வெஞ்சனம் இல்லாமலே இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மா கட்டிலில் கிடந்தபடி நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.