மங்கோலிய வில்லனைத் திருத்தப் போய்

மங்கோலியர்களைப் பற்றிய சரித்திரத் தொடர் அது. ஹிந்தியில் ஏற்கெனவே வந்துவிட்டது. தமிழ் வசனம் எழுத மும்பை மாட்டுங்காவில் ஒரு டப்பிங் ஸ்டூடியோ என்னைக் கூப்பிட்டது. முதல் இரண்டு எபிசோட் சோதனைக்கு. பிடித்திருந்தால் மீதி அறுபதும் எனக்கு. அந்த நம்பிக்கையில் ஐரோலி கால்சென்டர் வேலையை விட்டிருந்தேன், வீட்டில் சொல்லாமல்.

முதல் எபிசோடிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லன் கதாநாயகனைக் கம்பத்தில் கட்டிப்போடுகிறான். பிறகு அவன் காதுபட, எந்தக் கணவாய் வழியாகப் படை வரப்போகிறது என்று காவலாளியிடம் விலாவாரியாகச் சொல்கிறான். கொல்லாமல் சிரித்துக்கொண்டே போய்விடுகிறான். பாதி ஆசியாவைப் பிடித்த கூட்டத்தில் இப்படி ஒருவனா? வாயசைவுக்குப் பொருந்தும்படி அந்த வசனத்தை மாற்றி, குதிரைகளுக்குத் தீனி போடுவதைப் பற்றிப் பேசவைத்தேன். சரித்திரத்தின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி எனக்கு.

வில்லனுக்குக் குரல் கொடுப்பவர் தாராவியில் தோல் பை பட்டறை நடத்தும் அண்ணாச்சி. அவருக்குத் தமிழ் படிக்க வராது. ஹிந்தி எழுத்தில் தமிழை எழுதிக் கொடுப்பேன். மறுபேச்சில்லாமல் பேசிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் இரண்டாவது எபிசோடைப் பார்த்தேன். கட்டை அவிழ்த்துத் தப்பிய கதாநாயகன், அதே கணவாயில் ஆட்களோடு பதுங்கி நிற்கிறான்.

"ஏன்டா, இவனுக்கு இடம் எப்படித் தெரிஞ்சது? குதிரை வந்து சொல்லித்தா?" என்றார் ஸ்டூடியோ மேடம்.

"வில்லன் அவ்வளவு முட்டாளா இருந்தா நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன், மேடம்."

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பட்டறையில் போய் நின்று, ஹிந்தியில் இருந்தபடியே திரும்ப எழுதிய வசனத்தை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "நம்பும்படியா இருக்காது, அண்ணாச்சி. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

"ஏ தம்பி, இதுதாம்ல வசனம்! நீ என்னையப் புல்லு, கொள்ளுன்னு பேச வச்சிட்ட. நான் வில்லனா, குதிரவண்டிக்காரனா?"

"எதிரிகிட்டயே எவனாவது திட்டத்தைச் சொல்லுவானா?"

"ஜெயிச்சவன் வேற யார்ட்டப் போய்ச் சொல்லுவான்? பக்கத்துப் பட்டறைக்காரனுக்கு வர வேண்டிய ஆர்டரை ஒருக்கா நான் மடக்குனேன். சும்மா இருக்க முடியல. எந்த சேட்டு, எங்க பாத்தேன், என்ன பேசுனேன்னு அவன்ட்டயே போய்ச் சொன்னேன். அவன் மூஞ்சியப் பாக்கணும்லா!"

"அப்புறம்?"

"அடுத்த வாரம் அந்த சேட்டை அவன் மடக்கிட்டான். சலோ, கிளம்பு."

மத்தியானம் மைக் முன்னால் நின்று, கணவாயின் பெயரை அவர் ரசித்து ரசித்துச் சொன்னார். ஒரே டேக். மேடம் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"திங்கட்கிழமை வா. எழுதறதுக்கு முன்னாடி அறுபதையும் பாத்து முடி."

பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினேழாவது எபிசோடில் வில்லன் மறுபடியும் ஒருவனைக் கட்டிப்போட்டுத் தன் திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். இந்த முறை ஒரு சொல்லைக்கூட நான் மாற்றப்போவதில்லை.