பாசிக்குக் காவல்

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் கலியாணசுந்தரத்தைப் 'பாசி வாத்தியார்' என்றால்தான் தெரியும். சென்னையில் தாவரவியல் படித்து, அங்கே ஒரு பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். மற்ற தாவரவியலாளர்கள் காடேறிப் பூ தேடிய காலத்தில் இவர் சாக்கடையோரம் குனிந்திருந்தார். பாசிகளைப் போத்தல்களில் தனித்தனியே வளர்த்து, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்தார். அவருடைய கட்டுரைகள் கல்கத்தாவில் அச்சாயின. ஊரில் ஒருவரும் படிக்கவில்லை.

ஜப்பானியர் வந்ததும் பள்ளி ராணுவ முகாமாயிற்று. 1943 பங்குனியில் சயாமில் ரயில் பாதை போடக் கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தார்கள். பிடிபட்ட கலியாணசுந்தரத்திடம் ஜப்பானிய அதிகாரி தொழிலைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தியாகு, அண்டை வீட்டுக்காரர், முந்திக்கொண்டு, "பாசியில் பட்டாளத்துக்கு உணவு தயாரிக்கிறார்" என்றார்.

அதிகாரி மகிழ்ந்துபோனார். சித்திரை முதல் நாள் பயிரைப் பார்க்க வருவதாகவும், பயிர் இல்லையென்றால் சயாம்தான் என்றும் சொன்னார்.

"என்னாங்க தியாகு இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பின்ன? தண்டவாளம் தூக்குற உடம்பா சார் இது?"

கலியாணசுந்தரம் இருந்த போத்தல்களிலெல்லாம் பாசி வளர்த்தார். வருஷப் பிறப்புக்கு முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போய்த் திரும்பியபோது, போத்தல்கள் வெயிலில் கவிழ்ந்து பளபளத்தன.

"பாக்கியம்! இதுல இருந்தது எங்க?"

"வருஷப் பொறப்பும் அதுவுமா பாசி புடிச்ச போத்தல வீட்டுல வெக்கிறதா?" என்றாள் மனைவி பாக்கியலட்சுமி. "சவர்க்காரம் ஏது? சாம்பல் போட்டே தேச்சேன்."

கிணற்றுப் பாசியாவது கிடைக்குமா என்று தெருவுக்கு ஓடினார். கிணற்றடியைத் தேய்த்து முடித்துவிட்டு, அதே தெருப் பொன்னம்மா தென்னம்மட்டையும் கையுமாக நின்றாள். "பாருங்க வாத்தியாரே, இனிமே ஒருத்தருக்கும் கால் வழுக்காது!"

அப்போது கார் வந்து நின்றது. பண்டிகையன்று தொந்தரவு செய்யக்கூடாது என்ற நாகரிகத்தால் அதிகாரி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

"பயிர் எங்கன்னு கேக்குறாரு சார்," என்றார் தியாகு.

சித்திரைக்குக் கழுவாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. "அவுங்க முகாம்லயேதான் வளருதுன்னு சொல்லுங்க. குளிக்கிற தொட்டியில," என்றார் கலியாணசுந்தரம்.

எல்லோரும் முகாமுக்குப் போனார்கள். தொட்டி விளிம்புவரை பச்சையாக இருந்தது. அதிகாரி ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். நெடுநேரம் மென்றார்.

"உப்பு போதலையாம் சார்," என்றார் தியாகு.

அன்றே தொட்டிக்குத் துப்பாக்கியோடு காவல் போடப்பட்டது. சிப்பாய்கள் அதில் குளிக்கக் கூடாது என்று உத்தரவு. வாரம் ஒருமுறை கலியாணசுந்தரம் போய், காவலாளியைக் குனிந்து வணங்கி, தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னும் முத்தல" என்று சொல்லிவிட்டு வருவார். அருகில் சிப்பாய்கள் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

போர் முடியும்வரை அது முற்றவில்லை.