கல்லில் ஒட்டிய கடல் நத்தைகள்

பட்டினப்பாக்கத்தில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் நிற்கிறேன். மிளகு அளவிலும் கொண்டைக்கடலை அளவிலுமாகக் கடல் நத்தைகள், பிசின் வைத்தாற்போல் வெயிலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஓட்டின் வாயை மூடியிருக்கின்றன. அலை கரையில் விட்டுப்போனவை, பாவம் என்று நினைத்து, பத்துப் பன்னிரண்டைப் பெயர்த்துக் கடலில் எறிகிறேன்.

பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருக்கும் அம்மாள் கத்தியை நிறுத்துகிறார்.

“இன்னா சார் பண்ற? அது கல்லு மேலதான் கீது. தண்ணி தெறிச்சா போதும், பாசியத் துன்னுக்கினு கெடக்கும். ரொம்ப நேரம் முங்குனா செத்துப்பூடும்.”

“கடல் நத்தைதானேம்மா?” என்கிறேன். “அப்போ அதுக்குக் கடல் எதுக்கு?”

“முட்டைய அதுலதான உடும். நானுந்தான் கடலோரம் பொறந்தேன், நீச்சல் தெரியாது. என்னியும் தூக்கிப் போடுவியா?”

அவசரமாகக் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் நுரையைத் துழாவுகிறேன். ஈரக் கல்லில் ஒரே ஒரு நத்தை மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. எடுத்து மேலே வைக்கலாம் என்று கையை நீட்டுகிறேன்.

“சார்!” என்கிறார் அந்த அம்மாள், மீனிலிருந்து தலையைத் தூக்காமலே.

நீட்டிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.