மகன் சாப்பிடுகிற பாஸ்தா

1. சட்டி மாற்றிய நாள்

நல்லூர்க் கோயில் கொடியேற்றம் நெருங்கிய ஒரு காலையில் முதலாளி குசினிக்குள் வந்து சொன்னார்:

"அண்ணை, திருவிழா முடியுமட்டும் எங்கடை கடையிலை மச்சம் இல்லை. முழுச் சைவம்."

நான் குருநகர்க் கடற்கரை ஆள். இத்தாலியில், பலெர்மோவில் பல வருடம் மீன் சமைத்துப் பழகினவன். ஊர் திரும்பி வந்தபின், இந்த இத்தாலியன் கடையில் என் பெயர் எடுபட்டதே கணவாய்ப் பாஸ்தாவால்தான்.

"கணவாயும் இறாலும் இல்லாமல் நான் என்னத்தைச் சமைக்கிறது?"

"ஏன், அங்கை சைவமாச் சாப்பிடுற ஆக்களே இல்லையோ?"

இருந்தார்கள். நாங்கள்தான். பலெர்மோவில் மத்தியானம் கடை திறக்க முன்னம் வேலையாட்கள் எல்லாரும் நின்றபடி ஒரு பாஸ்தா சாப்பிடுவோம். மீன் விற்கிறதுக்கு, எங்களுக்குக் கத்தரிக்காய். பொரித்த கத்தரிக்காய், தக்காளிப்பழச் சோஸ், பேசில் இலை, மேலே உப்புச் சீஸ். அதையே போடுவம் என்றேன்.

ஆனால் சைவம் என்றால் லேசான வேலை இல்லை. கையால் பிசைகிற பாஸ்தாவில் முட்டை இருக்கும், ஆகவே காய்ந்த பாஸ்தா மட்டும். இத்தாலியில் இருந்து வருகிற பல சீஸ்களில் பால் திரிய வைப்பது கன்றின் வயிற்றில் இருந்து எடுக்கிற பொருள். அதுவும் ஆகாது. நான் பசுப்பாலைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரித்து, துணியில் கட்டி, அம்மிக்குழவியைப் பாரம் வைத்து, உப்புத் தடவிக் குளிர்ப்பெட்டியில் காயவிட்டேன். பழைய சட்டிகளை ஒதுக்கி, புதுச் சட்டி இறக்கினோம்.

2. சண்டிலிப்பாய் அம்மா

தேர் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்த பின்னேரம். விபூதிப் பூச்சோடு ஒரு அம்மா தனியாக உள்ளே வந்து, வாசல் மேசையில் கதிரை நுனியில் இருந்தா. பரிமாறுகிற பிள்ளை அனுஷா மெனு அட்டையை நீட்ட, அவ அதை வாங்கவில்லை.

"பிள்ளை, பலெர்மோவிலை சாப்பிடுற சாப்பாடு இஞ்சை இருக்கோ? மச்சம் படாததா?"

அனுஷா என்னைக் கூப்பிட்டாள். நான் கை துடைத்துக்கொண்டு போனேன்.

"பலெர்மோவிலை ஆர் இருக்கினம், அம்மா?"

"என்ரை மகன், தம்பி. ஜெயந்தன். அங்கை ஒரு கடைக் குசினியிலை நிக்கிறான். போய் ஒம்பது வருசம். தேப்பன் செத்ததுக்கும் வரேலாமல் போச்சுது, வந்தாத் திரும்பிப் போக விசா இல்லை. போன் எடுத்து 'என்ன சாப்பிட்டனீ?' எண்டு கேட்டா 'பாஸ்தா அம்மா' எண்டுவான். அது என்னெண்டு எனக்குத் தெரியாது. அவன் தின்னுறது என்னெண்டே தெரியாமல் நான் இஞ்சை சோறு தின்னுறன்."

அடுப்புக்குப் போனேன்.

முள்ளுக்கரண்டியால் அவவுக்கு ஏலவில்லை. "கையாலை சாப்பிடுங்கோ அம்மா" என்றேன். "அவனும் கையாலையோ?" என்றா. "தங்கிற அறைக்குள்ளை எண்டால் நாங்கள் எல்லாரும் கையாலைதான்." அதைக் கேட்ட பிறகு வடிவாகச் சாப்பிட்டா. சண்டிலிப்பாயில் அவவின் தோட்டத்திலும் கத்தரிதானாம். "இப்பிடி எண்ணெயிலை மிதக்க விட்டா ஆருக்குத்தான் ருசிக்காது" என்று சிரித்தா.

பிறகு போனை என்னிடம் தந்து, மகனுக்கு எடுத்து விடச் சொன்னா. வீடியோவில் அவன் வந்தான். ஏப்ரன் கட்டியிருந்தான். தட்டைக் கண்டதும், "அம்மா, நீங்கள் எங்கை நிக்கிறியள்?" என்றான். அடுத்த கணம் திரையில் முகம் இல்லை. புகை படிந்த சீலிங் மட்டும் தெரிந்தது.

"ஏன்ரா முகட்டைக் காட்டுறாய்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா.

கொஞ்சம் பொறுத்து அவன் சமைத்த ஆளிடம் கொடுக்கச் சொன்னான். நான் போனை வாங்கி ஒதுங்கிப் போனேன். அவனுக்குப் பின்னால் இரும்புத் தட்டுகள், தொங்குகிற சட்டிகள், ஆரோ ஒருவன் பெட்டிகளை இழுக்கிற சத்தம். என் மகளும் அந்த ஊரில்தான் தாயோடு இருக்கிறாள். படிப்பு அங்கே, சிநேகிதப் பிள்ளைகள் அங்கே. நான் மட்டும் வந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே போகிற சனத்தை நான் தேவையில்லாமல் உற்றுப் பார்த்தேன்.

"அண்ணை," அவன் குரலைத் தாழ்த்தினான், "அம்மாவின்ரை சாப்பாட்டிலை மச்சம் ஏதும் படேல்லையே?"

"புதுச் சட்டி, தம்பி. சீஸும் நானே செய்தது."

"நான் இஞ்சை மச்சம் தின்னுறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"இல்லை" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுக்கையில் அம்மா என் முகத்தைப் பார்த்தா. "மச்சக் கதைதானே? எனக்குத் தெரியும், தம்பி. குளிர் ஊர். என்ரை மனம் நோகக் கூடாதெண்டுதான் பொய் சொல்லுறான். சொல்லட்டும்."

3. வெள்ளிக்கிழமை

திருவிழா முடிந்து மச்சம் திரும்பி வந்தது. சைவச் சட்டியை எடுத்து வைக்கப் போன முதலாளியை நான் மறித்தேன்.

"ஒரு ஆளுக்காகத் தனிச் சட்டியோ, அண்ணை?"

"ஓம். ஒரு ஆளுக்காகத்தான்."

அவர் சட்டியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். அந்தப் பாஸ்தா மெனுவில் நின்றது. இப்போது அதைக் கேட்டு வருகிற சைவ ஆட்கள் பலர்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் வருவா, எங்கள் மத்தியானச் சனம் போன பிறகு. அந்நேரம் பலெர்மோவில் கடை திறக்க முன்னம் வேலையாட்கள் சாப்பிடுகிற நேரம். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைப்பா. அங்கே அவன் நின்றபடி சாப்பிடுவான், இங்கே இவ இருந்தபடி. பெரிய கதை ஒன்றும் இராது. "உப்புக் காணுமோ?" "காணும். உனக்கு?" அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் எடுக்கவில்லை. அம்மா தட்டைத் தொடவில்லை. சோஸ் இறுகத் தொடங்கியது. அனுஷா கிட்டப் போய், "ஆறுது அம்மா, சூடாக்கித் தரட்டோ?" என்றாள். அம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினா. பிறகு நான் போனேன்.

"ஆறினா இது பசை மாதிரிப் போடும், அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ. அவன் எடுத்தா இன்னொண்டு போட்டுத் தாறன்."

"வேண்டாம், தம்பி. நான் முதல் சாப்பிட்டா அவன் தனியச் சாப்பிடோணும்."

குசினிக்குத் திரும்பிவிட்டேன். வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது. கடையில் பெரிய விருந்தாம், மூச்சு விட நேரமில்லையாம். அவன் கையில் ஒரு துண்டுப் பாண் மட்டும் இருந்தது. அம்மா அந்த ஆறின பாஸ்தாவைக் கையால் பிரித்துப் பிரித்து, அவன் பாண் முடியுமட்டும் சாப்பிட்டா.

அவன் இன்னும் வரவில்லை. விசா கிடைத்துவிட்டது, லீவு கிடைக்கவில்லை என்கிறான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், தட்டு குசினியை விட்டுப் போனால் சூடு குறைய முன்னம் ஆள் சாப்பிட வேண்டும் என்பது. இப்போது அதோடு இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு மேசையில் ஆள் சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால், கிட்டப் போய்ச் சூடாக்கட்டுமா என்று கேட்க வேண்டாம். ஆறட்டும். விட்டுவிடுங்கள்.