குன்வோரின் வலது தோள்

மூன்று ஊசிகள், மூன்று மருத்துவர்கள். மூவரும் குன்வோரின் கோப்பில் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: வலி நீங்கியது.

குன்வோருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தேழு குளிர்காலமாக வட துருவத்துக்கு அருகே எங்கள் லோஃபோட்டன் தீவில் காட் மீனைக் காயப் போட்டவர். தலை நீக்கிய மீன்களை வாலோடு வால் சேர்த்து ஜோடியாகக் கட்டி, தலைக்கு மேலே இருக்கும் கழியில் தூக்கிப் போட வேண்டும். நாள் முழுவதும் அதே வேலை. மீன் ஆலையில் யாருக்கு என்றைக்கு வேலை என்று பட்டியல் எழுதுவது நான்.

அக்டோபரில் தோள்வலி அவரைத் தூங்கவிடவில்லை. தசைநாரில் கோளாறு என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி போனது. ஜனவரியில் திரும்பியது, இன்னோர் ஊசி. மார்ச்சில் மூன்றாவது. எங்கள் தீவில் நிலையான மருத்துவர் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருவர் தெற்கிலிருந்து வருவார், போவார். புதிதாக வருபவர் முந்தையவரின் வரியைப் படித்துவிட்டு அதே ஊசியைப் போடுவார். தோளுக்குள் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கையைத் தூக்காதீர்கள் என்று ஒரு தாளும் கொடுப்பார்கள். ஆனால் மீன் பருவத்தில் விடுப்பு எடுப்பது எங்கள் ஊரில் மானக்கேடு. சட்டத்தில் விடுப்பு இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகும் குன்வோர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தார். நானும் அவர் பெயரைப் பட்டியலில் எழுதினேன்.

"என்ன குன்வோர், கீலுக்கு எண்ணெய் போட்டாச்சா?" என்றார் மேற்பார்வையாளர் ஒட்முண்ட்.

"போட்டாச்சு. உன் வாய்க்கும் ஒரு ஊசி எடுத்து வச்சிருக்காங்களாம்."

எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள், தூக்கிய மீன் ஜோடி அவர் முகத்தின் மேலேயே விழுந்தது.

"வலிக்கல," என்றார். "உள்ள ஏதோ கயிறு அறுந்த மாதிரி இருந்துச்சு." அதன் பிறகு அந்தக் கை மேலே எழவில்லை.

மருத்துவமனைக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். இந்த முறை ஓர் இளம் மருத்துவர். கோப்பைப் புரட்டினார்.

"முந்தின ஊசியெல்லாம் நல்லா கேட்டிருக்கே. இன்னொண்ணு போட்டுப் பாக்கலாம்."

"வலி இல்லன்னுதான் சொன்னேன்," என்றார் குன்வோர். "குணமாயிடுச்சுன்னு நான் சொன்னேனா? எத்தன ஊசி போட்டீங்கன்னு உங்கள்ல யாராவது எண்ணினீங்களா?"

மருத்துவர் கோப்பைப் பார்த்து எண்ணினார். முகம் சிவந்தது. நகரத்துக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அங்கிருந்த மருத்துவர் ஊசியைக் குறை சொல்லவில்லை. முதல் ஊசியோடு ஓய்வும் பயிற்சியும் சேர்ந்திருந்தால் அந்தத் தோள் தேறியிருக்கலாம் என்றார். எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

மே மாதம் குன்வோர் ஆலைக்கு வந்தார். கையைத் தூக்காதீர்கள் என்று எழுதியிருந்த, மடிப்பு கிழிந்த அந்தத் தாளைக் காப்பி இயந்திரத்துக்கு மேலே இடது கையால் ஒட்டினார்.

"மீன் பருவத்துல இதை யாரு படிக்கப்போறா?" என்றார் ஒட்முண்ட்.

"நீ படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

ஒட்முண்ட் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தார்.